மெஷினுக்குள் போகாத சஹன்

பன்னிரண்டு பேர் சாப்பிட்ட பீங்கான்களை ஒரே மூச்சில் கழுவித் தருகிற மெஷின் ஒன்று, எல்லோரும் ஒரே பாத்திரத்தில் கை போட்டுச் சாப்பிடுகிற வீட்டுக்கு வந்து சேர்ந்தால் அது என்னதான் செய்யும், பாவம்! பதுளையில் பள்ளிவாசலுக்குப் பின்பக்கமாக இறங்கும் சந்தில், ஸகீனாவின் வீட்டுக்கு எண்பதாம் வருடம் அப்படியொரு மெஷின் வந்தது. கொழும்பிலிருந்து அதை ஏற்றி வந்த லொறி சந்துக்குள் திரும்ப முடியாமல் மேலேயே நின்றுவிட்டது. நான்கு பேர் மூச்சு வாங்க வாங்கப் படிகளில் இறக்கிக் குசினி வாசலில் வைத்தார்கள். மரச்சட்டத்தைக் கழற்றியதும் வெள்ளை வெளேரென்று ஒரு பெட்டி நின்றது.

அடுத்த வீட்டு ஸல்மா அதை ஐஸ் பெட்டி என்றே முடிவுகட்டி, ஒரு போத்தல் சர்பத்தோடு வந்துவிட்டாள். குளிரவைத்துக் குடிக்கலாம் என்று நப்பாசை. கரண்டு வேலை பார்க்கும் மொஹிதீன்தான் கதவைத் திறந்து, உள்ளே மேலும் கீழுமாக இருந்த கம்பிக்கூடைகளை இழுத்துப் பார்த்து, முதுகில் ஒட்டியிருந்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசித்து விஷயத்தை உடைத்தார்.

"ஐஸ் பெட்டி இல்ல ராத்தா. கோப்ப பீங்கான் கழுவுற மெஷின் இது."

ஸல்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒரே ஒரு சஹனக் கழுவ இவ்வளவு பெரிய சாமானா? யா அல்லா, ஒங்கட மகனுக்கு என்ன புடிச்சிரிக்கி?"

ஸகீனா சிரிக்கவில்லை. அபுதாபியிலிருந்து மூத்த மகன் காமில் எதற்காக இதை அனுப்பினான் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கைகளைப் பற்றிச் சொல்லுமுன் சஹனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சஹன் என்பது வட்டமான பெரிய தட்டம். ஸகீனாவினுடையது செம்பு; உள்ளே ஈயம் பூசியது. இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்க வேண்டும். நடுவில் சோற்றைக் குவித்து, சுற்றிவரக் கறிகளை வைத்து, ஆறு பேர் பாயில் உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் சாப்பிடுவார்கள். மற்ற வீடுகளில் கலியாணத்துக்கும் கந்தூரிக்கும் பெருநாளுக்கும் மட்டும் பரணிலிருந்து இறங்கும் சாமான் அது. ஸகீனாவின் வீட்டில் தினமும் இராச்சாப்பாடு அதில்தான். வெலிமடையில் அவளுடைய உம்மா வீட்டுப் பழக்கம் அப்படி. கலியாணம் முடித்துப் பதுளைக்கு வந்தபோது உம்மா வேறு எதைக் கொடுக்க மறந்தாலும் சஹனைக் கொடுக்க மறக்கவில்லை.

பழக்கம் என்று சும்மா சொல்லிவிட முடியாது, அதில் ஸகீனாவுக்கு ஒரு கணக்கும் இருந்தது. அறுபதுகளின் நடுவில் அவளுடைய புருஷன் ஹாஷிமுக்கு இப்போதிருக்கிற கடை கிடையாது. பொட்டணி வியாபாரம். துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லுணுகலை, பசறை, கொஸ்லந்த என்று தோட்டம் தோட்டமாகத் தொழிலாளர் லயத்து வாசல்களில் சேலை விற்றுவிட்டு, இரவுத் தொழுகையான இஷா நேரத்துக்குத்தான் களைத்து விழுந்து வீடு வருவார். தனித்தனிப் பீங்கான் என்றால் பிள்ளைகள் பசிக்கப் பசிக்கச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். மனுஷன் ஆறிய சோற்றைத் தனியாகப் பிசைய வேண்டியதுதான். சஹன் என்றால் ஆறு பேரும் கூடினால்தான் பிஸ்மி சொல்லிக் கை வைக்கலாம். காமில், நூருல் இனாயா, ஜெனீரா, கடைசி நஸீர் நால்வரும் தூங்கி வழிந்துகொண்டே வாப்பாவின் செருப்புச் சத்தத்துக்குக் காத்திருப்பார்கள்.

சஹனுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அதில் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, நாடே மரவள்ளிக் கிழங்கைத் தின்று கிடந்ததே, அந்த நாட்களில் ஸகீனா சஹனில் கையை அசைத்துக்கொண்டேயிருப்பாள். வாய்க்குப் போவது எத்தனை என்று ஹாஷிமுக்கே தெரியாது. அவள் பக்கத்துச் சோறு எப்படியோ நகர்ந்து நகர்ந்து ஜெனீராவின் பக்கமும் நஸீரின் பக்கமும் போய்விடும்.

அதைக் கண்டுபிடித்தவன் காமில் ஒருத்தன்தான். அவன் எப்போதும் உம்மாவின் வலது கைப்பக்கம் உட்காருவான். தன் பங்குக் கருவாட்டுத் துண்டைப் பெருவிரலால் மெல்லத் தள்ளித் தள்ளி, எல்லை தாண்டி உம்மாவின் பக்கம் கொண்டுவந்து விட்டுவிட்டு, முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஸகீனா திருப்பித் தள்ளுவாள். அவன் மறுபடியும் தள்ளுவான். ஒரு கருவாட்டுத் துண்டு இப்படிப் போவதும் வருவதுமாக இருக்க, சில நாள் அதை நஸீர் எடுத்து வாயில் போட்டுவிடுவான். பட்டினி நாட்கள்தான், ஆனாலும் அந்த இராச்சாப்பாடுகளைப் போல ருசியாக அவள் பிறகு எதையும் சாப்பிட்டதில்லை.

இப்போது கைகளுக்கு வருவோம். சஹன் சாப்பிடச் சுகம், கழுவத்தான் பாடு. புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்க்க வேண்டும். ஓரத்து மடிப்பில் நகம் கொடுத்துச் சுரண்ட வேண்டும். மார்கழிக் குளிரில் பதுளைப் பைப் தண்ணீர் எலும்பைத் தொடும். ஸகீனாவின் கை வெடித்துப் பிளக்கிற கை. தோல் தடித்து, விரல் மூட்டுகளில் வெடிப்பு விட்டு, கழுவி முடித்ததும் சில நேரம் இரத்தம் கசியும். தேங்காயெண்ணெய், அரசாங்க ஆஸ்பத்திரிக் களிம்பு, பள்ளிவாசல் லெப்பை ஓதிக் கொடுத்த எண்ணெய், எல்லாம் பூசிப் பார்த்தாயிற்று. "தண்ணியில கை வெக்காதீங்க" என்றார் டாக்டர். நல்ல கதை! குசினியில் இருக்கிறவள் தண்ணீரில் கை வைக்காமல் எங்கே வைப்பாள்?

எழுபத்தெட்டில் காமில் அபுதாபிக்குப் புறப்பட்டபோது, பதுளை ஸ்டேஷனில் ரயிலேறுமுன் உம்மாவின் கையைப் பிடித்து ஸலாம் கொடுத்துக் கொஞ்சினான். புதுச் சட்டை, வெள்ளைச் சட்டை. கையை விட்டபோது அதன் கைமடிப்பில் சிவப்பாக ஒரு கோடு ஒட்டியிருந்தது. ஸகீனா பதறித் துடைக்கப் போனாள்.

"இரிக்கட்டும் உம்மா. இந்தக் கைக்கு ஒரு வழி பண்ணாம நான் வரமாட்டேன்" என்றான்.

அங்கே வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றின் காம்பில் சமையற்கட்டு வேலை. முதன்முதலாக அங்கேதான் இந்த மெஷினைக் கண்டிருக்கிறான். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு என்ஜினியரின் வீட்டு மெஷினைச் சொல்லிவைத்து வாங்கி, கப்பலில் ஏற்றிவிட்டான். வேறு வீட்டுப் பிள்ளைகள் ரேடியோ அனுப்பினார்கள், நகை அனுப்பினார்கள், பூப்போட்ட போர்வை அனுப்பினார்கள். காமில் உம்மாவின் கையை நினைத்து இதை அனுப்பினான்.

மொஹிதீன் ஒரு கிழமை மல்லுக்கட்டிக் கரண்டும் தண்ணீரும் கொடுத்தார். முதல் நாள் சஹனைக் கொண்டுபோய் மெஷினுக்குள் வைத்துப் பார்த்தார்கள். நிமிர்த்தி வைத்தார்கள், சாய்த்து வைத்தார்கள், மேல்கூடையைக் கழற்றிவிட்டும் பார்த்தார்கள். கதவு மூடவில்லை. சுற்றிவர நான்கு விரல் இடம் போதவில்லை. சஹனைத் தவிர வீட்டில் கழுவுவதற்கு இருந்தவை ஆறு தேத்தண்ணிக் கோப்பைகளும், சம்பலும் பொரியலும் வைக்கும் சில்லறைப் பீங்கான்களும், சட்டி பானைகளுந்தான். கோப்பைகளை அதிலே அடுக்கினால் பாழடைந்த கல்யாண மண்டபத்தில் ஆறு பேர் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது.

சரி, வந்த மெஷினைச் சும்மா வைத்திருப்பதா? அங்கேதான் தொடங்கியது கூத்து.

முதலில் அரிக்கேன் லாம்புச் சிம்னிகள். கண்ணாடி வெளியே வந்தபோது இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவு பளிச்சு. சந்து முழுக்கச் செய்தி பரவி, கரண்டு போய்ப் போய் வரும் காலங்களில், அது இருக்கிற நேரம் பார்த்துப் பெண்கள் சிம்னிகளைக் கூடையில் கொண்டுவந்தார்கள். பிறகு நஸீரின் பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்து. வெளுத்துத்தான் வந்தது, அடித்தோலை விட்டுப் பிரிந்தும் வந்தது. ஸல்மா தன் ஹோலில் இருந்த பிளாஸ்டிக் ரோசாக்களைக் கொண்டுவந்தாள். அவை கழுத்து மடிந்து, தலை குனிந்து, வெட்கப்பட்ட மாதிரி வெளியே வந்தன. ஹாஷிமின் பொய்ப்பல் ஒருநாள் கூடையிலிருந்து நழுவி, சுற்றுகிற குழாய்க்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. மொஹிதீன் வந்து எடுத்துத் தரும்வரை மனுஷன் கடைக்குப் போகாமல், கேட்டவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வீட்டிலே இருந்தார். அவருடைய கலியாணத்துச் சிவப்புத் துருக்கித் தொப்பியை உள்ளே வைத்த புண்ணியவதி யாரென்று இன்றுவரை தெரியாது. அது சுருங்கி, பெரிய தேங்காய்ச் சிரட்டை அளவுக்கு வந்து நின்றது. அன்று கழுவிய கோப்பைகளெல்லாம் ரோசா நிறம்.

ஸகீனாவின் வெலிமடைத் தம்பி ஒருமுறை ஒரு மூட்டை உருளைக்கிழங்கு கொண்டுவந்தபோது ஜெனீராவுக்கு மூளை வேலை செய்தது. சேறு ஒட்டிய கிழங்குகளை அப்படியே கம்பிக்கூடையில் கொட்டி முடுக்கிவிட்டாள். கிழங்கு குளித்துத்தான் வந்தது. ஆனால் வெலிமடை வயல் பாதி மெஷினின் குடலுக்குள் போய் அடைத்துக்கொண்டது. மகன் அனுப்பிய தூள் தீர்ந்துபோய் உடுப்புக் கழுவும் தூளைப் போட்ட நாளில், நுரை கதவிடுக்கால் பொங்கி, குசினியைத் தாண்டி, படிக்கட்டில் இறங்கி, கீழ் வீட்டுக்காரர் கோழிக்கூட்டு வாசலில் போய் நின்றது.

எது மெஷினுக்குள் போகலாம், எது போகக்கூடாது என்று ஸகீனா ஒரு சட்டம் வைத்திருந்தாள். வாயில் படுவதும் காலில் படுவதும் ஒன்றாகப் போகக்கூடாது. சப்பாத்துப் போன மெஷினை மூன்று தரம் வெறும் தண்ணீரில் ஓடவிட்டு, பிஸ்மி சொல்லித்தான் கோப்பை வைக்கலாம். வெற்றிலை துப்புகிற படிக்கத்தை யாராவது கொண்டுவந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். "பக்கத்துல பள்ளி இரிக்கி, இங்க படிக்கமா?" என்பாள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை.

இவ்வளவுக்கும் இடையில், இரவுக்கு இரவு சஹனைச் சாம்பலும் புளியும் போட்டு அவள் கையால்தான் தேய்த்தாள்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகள் கடிதத்துக்குப் பதிலாகக் கஸட்டில் பேசி அனுப்புவார்கள். காமிலின் கஸட் வந்தால் ஐந்து பேரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பார்கள். எல்லோரையும் பெயர் சொல்லி விசாரித்துவிட்டுக் கடைசியில் அவன் கேட்பது ஒன்றுதான். "உம்மா, மெஷின்ல தானே கழுவுறீங்க? கை இப்ப எப்படி?"

பதில் கஸட்டில் ஸகீனாவின் முறை வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வாள். "எல்லாம் அதுலதான் மகன் போடுறோம். ஒரு சாமான் பாக்கி இல்ல. கை இப்ப பூ மாதிரி இரிக்கி."

சஹனைத் தவிர எல்லாம் அதிலே போட்டது உண்மைதானே! கையைப் பற்றிச் சொன்னதுதான் முழுப் பொய். ஹாஷிம் அவளைப் பார்ப்பார். அவள் ரேடியோவைப் பார்ப்பாள்.

எண்பத்திரண்டில் நோன்புப் பெருநாளுக்கு லீவில் வருவதாகக் காமில் சொல்லி அனுப்பினான். நான்கு வருடத்துக்குப் பிறகு வருகிறான். வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. ஸகீனாவுக்கு மட்டும் சந்தோஷத்தோடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. வந்ததும் வராததுமாகப் பிள்ளை மெஷினைத்தான் பார்ப்பான். அதற்குள் சிம்னியும் சப்பாத்தும் கிழங்கும் போய் வந்த கதையைச் சந்தில் யாராவது சொல்லிச் சிரிப்பார்கள். இராச் சாப்பாடு முடிந்ததும் அவள் சஹனை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போவதை அவன் காண்பான். கடலுக்கு அப்பால் கண்காணாத இடத்தில் இருந்து உம்மாவின் கையை நினைத்து அனுப்பிய சாமான். மகனின் மனம் எப்படி நொந்துபோகும்? அதை நினைத்தால் நோன்பு பிடிக்க விடியுமுன் சாப்பிடுகிற ஸஹர் சோறு அவளுக்கு இறங்கவில்லை.

தனித்தனிப் பீங்கானில் சாப்பிடலாமே என்று நூருல் இனாயா சொன்னாள். ஹாஷிமின் கடையில் இருந்து ஒரு டசின் பீங்கான்கூட வந்தது. ஒரு இரவு சாப்பிட்டும் பார்த்தார்கள். அவரவர் பீங்கானைப் பார்த்துக்கொண்டு ஐந்து பேரும் ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரிச் சாப்பிட்டு எழுந்தார்கள். அது சரிவராது என்று ஸகீனாவுக்கு விளங்கியது. சஹனும் வேண்டும், மெஷினும் வேண்டும். யோசித்து யோசித்து, நோன்பு இருபத்தைந்து இருக்கும், ஒரு காலையில் சஹனைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கடைவீதியில் தகர வேலை பார்க்கும் லத்தீபிடம் போனாள்.

"சுத்திவர நாலு விரல் வெட்டிக் குடுங்க தம்பி."

லத்தீப் சஹனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ராத்தா, இது பழைய காலத்துச் செம்பு. இத வெட்டச் சொல்றீங்களே, மனசு வருதா?"

"மகன் வாறான்" என்றாள் ஸகீனா. லத்தீபுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தரியை எடுத்தார்.

கத்தரி செம்பில் இறங்கியபோது எழுந்த சத்தத்தை அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. வாசலில் போய் வெயிலில் நின்றாள். உம்மா வீட்டுச் சஹன். அந்த ஓரத்தைப் பிடித்துத்தான் உம்மா தூக்குவாள், அந்த ஓரத்தில்தான் பிள்ளைகள் விரலைத் தட்டிப் பாட்டுப் படிப்பார்கள். அழுகை வந்தது, நோன்பு நேரத்தில் இதற்குப் போய் அழுவதா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெட்டி, ஓரம் மடித்துத் தட்டிய சஹன் மெஷினுக்குள் சரியாகப் போனது. கதவும் மூடியது. ஸகீனா கதவில் கையை வைத்துக்கொண்டு அது இரைவதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். ஆனால் திறந்தபோது வெள்ளையாக இருந்த ஈயம் கறுத்துத் திட்டுத் திட்டாக நின்றது. மெஷினின் சூட்டுக்கும் சோடாத் தூளுக்கும் அந்தப் பழைய பூச்சு ஒத்துவரவில்லை. பெருநாளுக்கு மகன் வரும்போது கறுத்த சஹனா? புளியும் சாம்பலும் தும்பும் எடுத்துக்கொண்டு பைப்படியில் குந்தி, இரண்டு நாள் தேய்த்தாள். கை முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு வெடித்தது.

பெருநாளுக்கு முந்திய நாள் காமில் ரயிலில் வந்து இறங்கினான். உயர்ந்து, கறுத்து, மீசை வைத்து, வாசனைத் தைலம் பூசிக்கொண்டு வந்த பிள்ளையை ஸகீனாவுக்கு ஒரு நிமிடம் அடையாளமே தெரியவில்லை. கையைப் பிடித்து ஸலாம் கொடுக்க வந்தவனுக்கு முந்தானையால் சுற்றிய கையை நீட்டினாள். "நோன்புக் கஞ்சி சுட்டுப்போச்சு மகன்" என்று ஒரு பொய்.

பெருநாள் பகலுக்கு நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும். பாய் விரித்து, நடுவில் சஹனை வைத்தாள். காமில் பழைய இடத்தில், உம்மாவுக்கென்று விட்ட இடத்துக்கு வலது பக்கத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தான். முழங்கால்கள் இடித்துக்கொண்டன. நகர்ந்து உட்கார்ந்தார்கள், அப்போதும் இடித்தன. வாப்பா, காமில், இனாயா, ஜெனீரா, நஸீர், ஐந்து பேர் உட்கார்ந்ததும் சஹனைச் சுற்றி இடம் முடிந்துவிட்டது.

"நீங்க சாப்பிடுங்க. எனக்கி இப்ப பசிக்கல்ல, நான் பொறகு சாப்பிடுறேன்" என்று ஸகீனா அகப்பையோடு குசினிப் பக்கம் திரும்பினாள்.

காமில் சோற்றில் கை வைக்கவில்லை. சஹனின் ஓரத்தை விரலால் தடவினான். மடித்த ஓரம் புதிதாக இருந்தது.

"என்ன இது? நாங்க பெருத்துப்போனமா, சஹன் சிறுத்துப்போச்சா?"

ஜெனீராவுக்குத்தான் எதையும் அடக்கத் தெரியாதே, அண்ணனிடம் போட்டுடைத்தாள். "மெஷினுக்குள்ள போறதுக்கு உம்மா வெட்டிட்டாங்க நானா. ஒங்களுக்கு மனசு நோகும் எண்டு."

காமில் எழுந்து குசினிக்கு வந்தான். உம்மாவின் முந்தானையை விலக்கிக் கைகளை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பூ மாதிரி இருப்பதாகக் கஸட்டில் சொன்ன கைகள். பெரிய மீசைக்காரன், சின்னப் பிள்ளை மாதிரி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"அங்க நான் நாலு குழி வெச்ச தகரத் தட்டுல தனியா இருந்துதான் உம்மா சாப்பிடுற. சோத்துக்கு ஒரு குழி, கறிக்கி ஒரு குழி. பக்கத்துக் காம்புல அரபி டிரைவர்மார் எல்லாரும் ஒரே சஹன்ல கை போட்டுச் சாப்பிடுவாங்க. நான் ஜன்னலால பாத்துக்கிட்டு நிப்பேன். எனக்கி வேற ஒண்டும் வேண்டியிருக்கல்ல உம்மா. இதுல வந்து ஒக்காரணும் எண்டுதான் வந்த."

ஸகீனா கைகளை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். "நீ அனுப்பின சாமான் மகன்... சும்மா கிடக்குதே எண்டு நீ நெனச்சிருவியோ எண்டு..."

"மெஷின் கிடக்கட்டும்! வாங்க, ஒக்காருங்க."

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தான். "எல்லாரும் ஒரு பக்கமாத் திரும்பி ஒக்காருங்க!" என்று கட்டளை போட்டான். சம்மணத்தை விட்டு, ஒரு முழங்காலை நிமிர்த்தி, எல்லோரும் வலது தோளை மட்டும் உள்ளே கொடுத்து நெருக்கி உட்கார்ந்தார்கள். ஆறு பேரும் அடங்கிவிட்டார்கள். ஆனால் யாருடைய முன்பக்கம் யாருடையது என்று தெரியவில்லை. இனாயாவின் இறைச்சியை வாப்பா சாப்பிட்டார். நஸீரின் முழங்கை ஜெனீராவின் கன்னத்தில் இடித்து நெய்ச்சோறு பாயெல்லாம் சிந்தியது. சிரித்துச் சிரித்து ஹாஷிமின் பொய்ப்பல் கழன்று சோற்றில் விழப் பார்த்தது. அந்தச் சந்தடியில் ஸகீனா குனிந்து பார்த்தபோது, நல்ல சதைத் துண்டு ஒன்று வலது பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல அவள் பக்கமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. காமில் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அதைத் திருப்பித் தள்ளவில்லை. எடுத்துச் சாப்பிட்டாள்.

அன்று சஹனைப் பைப்படியில் கழுவியது காமில். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவன் குந்தியிருந்து தேய்ப்பதை ஸல்மா வேலிக்கு மேலால் பார்த்து மூக்கில் விரலை வைத்தாள். லீவு முடியும்வரை அவன்தான் கழுவினான். போகும்போது தம்பி தங்கைகளுக்கு முறை வைத்துவிட்டுப் போனான்.

அதன்பிறகு காலம் யாருக்காகவும் நிற்கவில்லை. இனாயா கலியாணம் முடித்துப் பண்டாரவளைக்குப் போனாள். ஜெனீரா மொனராகலைக்குப் போனாள். அங்கேயும் வாயை அடக்கவில்லை என்று கேள்வி. காமிலுக்குக் கொழும்பில் பெண் அமைந்தது, மாமியார் வீட்டோடு இருந்து அங்கிருந்தே வெளிநாடு போய் வந்தான். கடைசியில் நஸீரையும் அபுதாபிக்குக் கூப்பிட்டுக்கொண்டான். கஸட் நின்று டெலிபோன் வந்தது. மாலையானால் மங்குகிற பதுளைக் கரண்டுக்கு மெஷினின் மோட்டார் ஒருநாள் புகைந்து அடங்கியது. மொஹிதீன் உதட்டைப் பிதுக்கினார். ஸகீனா அதைத் தூக்கிப் போடவிடவில்லை. அந்த டசின் பீங்கான்களை அதன் மேல்கூடையிலும், சஹனைக் கீழேயும் அடுக்கி, அலுமாரியாக்கிக்கொண்டாள். அளவெடுத்து வெட்டியதல்லவா, கதவு அழகாக மூடியது.

எண்பதுகள் முடியப்போகிற காலத்தில் ஒரு மழை நாள், ஹாஷிம் வழக்கம்போல இஷாத் தொழுதுவிட்டு வந்தார். ஸல்மா சீனி கேட்டு வந்தவள், ஸகீனா மெஷினைத் திறந்து சஹனை வெளியே எடுப்பதைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கு என்னத்துக்கு ராத்தா இது? அதுக்குள்ளயே பன்னெண்டு பீங்கான் இரிக்கிதே. கையும் ஏலா, ரெண்டு பீங்கானப் போட்டுச் சாப்பிட்டுட்டுப் படுங்களே."

"அவருக்குப் பீங்கான்ல சரிவராது" என்றாள் ஸகீனா. அவருக்குப் பீங்கானில் நன்றாகவே சரிவரும் என்பது இருவருக்கும் தெரியும். ஸல்மா சீனியை வாங்கிக்கொண்டு போனாள்.

பாய் விரித்துச் சஹனை வைத்தாள். நடுவில் கொஞ்சம் சோறு, பக்கத்தில் பருப்பு, ஒரேயொரு துண்டுக் கருவாடு. ஹாஷிம் ஒரு பக்கமும் ஸகீனா எதிர்ப் பக்கமுமாக உட்கார்ந்தார்கள். முழங்கால் எதிலும் இடிக்கவில்லை. சுற்றிவர ஈயம் வெறுமையாகக் கிடந்தது. ஹாஷிம் பிஸ்மி சொல்லிவிட்டு, தன் பக்கத்தில் இருந்த கருவாட்டுத் துண்டை விரலால் அவள் பக்கம் தள்ளினார். அது பாதி வழி வந்து நின்றுவிட்டது. குனிந்து தள்ள அவருக்கு முதுகு ஏலவில்லை, எட்டி எடுக்க அவளுக்கும் ஏலவில்லை.

நான்கு விரல் வெட்டிய பிறகும் அந்தச் சஹன் அவ்வளவு பெரிதாக இருந்தது.